வேலையோடு சேர்த்து விட்டு வந்தவை

கேள்வி இது: "எட்டு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். முதல் இரண்டு மாதம் தூக்கம்கூட வரவில்லை, அவ்வளவு வேகம். இப்போது ஒரு நாள் பதினான்கு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்கிறேன். அடுத்த மூன்று நாள் லேப்டாப்பைத் திறக்கவே மனம் வருவதில்லை. வேலையில் இருந்தபோது நான் இப்படி இல்லை. ஊக்கம் குறையாமல், விட்டு விட்டுச் செய்யாமல், தொடர்ந்து உழைப்பது எப்படி? அல்லது, நான் இதற்குச் சரிப்பட்டு வரமாட்டேனா?"

"வேலையில் இருந்தபோது நான் இப்படி இல்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தினமும் காலையில் உங்களை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தது எது? மன உறுதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒன்பதரைக்கு ஒரு மீட்டிங் இருந்தது; வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுங்கள் என்று நாள் குறிக்க ஒரு மேலாளர் இருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் மும்முரமாக வேலை செய்வதைப் பார்த்தாலே நம் கையும் கீபோர்டுக்குப் போய்விடும். செய்தது சரியா தவறா என்று அன்றைக்கோ மறுநாளோ யாராவது சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் மந்தமாகக் கழித்த மாதத்திலும் சம்பளம் வந்தது.

இவையெல்லாம் பந்தலுக்கு நட்ட கால்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கொடி தானாகவே நிற்பதுபோல் தெரியும். ராஜினாமா கடிதம் கொடுத்த அன்று கால்களையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டீர்கள். புதிது என்கிற வேகத்தில் இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் சாய்ந்தது. சாயாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சோம்பேறி என்று உங்களையே திட்டிக்கொள்வதால் ஒரு கால்கூடத் திரும்ப முளைக்காது. ஒவ்வொன்றாக நீங்களேதான் நட வேண்டும். நானும் பதினோரு வருடமாகச் சொந்தத் தொழிலில் இருக்கிறேன். சாய்ந்து கிடந்த அனுபவம் நிறைய இருக்கிறது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் நட வேண்டியது, வேலை நகர்கிறதா இல்லையா என்று சொல்லும் கால். ஊக்கம் முதலில் வரும், அதன் பின்னால் வேலை வரும் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஹார்வர்டில் தெரசா அமபில் என்கிற உளவியலாளரும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்தார்கள். ஏறக்குறைய 12,000 குறிப்புகள் சேர்ந்தன. யாருக்கு எந்த நாள் நல்ல நாளாக அமைந்தது, அன்று என்ன நடந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தபோது மற்ற எல்லாவற்றையும்விட முன்னால் நின்றது ஒன்றுதான்: தனக்கு முக்கியம் என்று படுகிற வேலையில் அன்று கொஞ்சமாவது முன்னேற்றம் இருந்தது. கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம்தான். நாள் முழுக்கப் படுத்திய ஒரு பிழையைச் சரிசெய்தது, இழுத்துக்கொண்டிருந்த ஒரு முடிவை எடுத்தது, இந்த அளவு.

தொழில் தொடங்கிய முதல் ஆண்டில் இந்த முன்னேற்றம் கண்ணுக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். விற்பனை பூஜ்ஜியம். நேற்றும் பூஜ்ஜியம், இன்றும் பூஜ்ஜியம். ஆறு மாதம் உழைத்தும் பூஜ்ஜியம் அசையவில்லை என்றால் யாருக்குத்தான் லேப்டாப்பைத் திறக்கத் தோன்றும்? அதனால் ஆரம்பத்தில் விற்பனையை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளக் கூடாது. அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பதை எண்ணுங்கள்: இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினேன், எத்தனை பேருக்குச் செய்துகாட்டினேன், பேசியவர்களில் எத்தனை பேர் திரும்ப அழைத்தார்கள்.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம். நான் இன்றுவரை ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம்தான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் மூன்று பத்தி. முதல் பத்தியில் யாரிடம் பேசினேன். இரண்டாவதில் அவர் சொன்னது, அவர் வாயிலிருந்து வந்த சொற்களிலேயே. என் விளக்கம் கிடையாது. மூன்றாவதில் அடுத்து என்ன, எந்தத் தேதியில். மாதக் கடைசியில் புரட்டிப் பார்க்கும்போது, ஒன்றுமே நடக்கவில்லை என்று மனதில் பதிந்திருந்த மாதத்தில் பதினெட்டு வரி எழுதியிருப்பது தெரியும். முக்கியமாக அந்த இரண்டாவது பத்தி. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் முதலில் செய்தது சிறிய கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்யும் ஒரு மென்பொருள். தயாரானதும் 23 கிளினிக்குகளின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதி மேஜைமேல் ஒட்டினேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் வெப்சைட்டின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். நீலத்தில் எந்த நீலம் நம்பிக்கை தரும் என்று படித்தேன். லோகோவில் ஒரு வளைவைத் திருத்தினேன். ஃபோல்டர்களை அடுக்கினேன். தினமும் பத்து மணி நேரம் உழைத்த களைப்போடு தூங்கப் போனேன். அந்தத் தாள் அப்படியே இருந்தது. இரண்டு முறை நம்பரைப் போட்டு, ரிங் போவதற்குள் கட் செய்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலை இன்டர்நெட் இல்லை. நிறம் மாற்ற வழியில்லாமல் போனதால்தான் போனை எடுத்தேன், வேறு வீரம் எதுவும் கிடையாது. நான்காவது அழைப்பில் வரவேற்பில் இருந்த அம்மா மூன்று நிமிடம் பேசினார். "அப்பாயின்ட்மென்ட் எழுதறது எங்களுக்குப் பிரச்சினையே இல்லைங்க. நோட்டுல எழுதிட்டுப் போறேன். வரேன்னு சொல்லிட்டு வராம போறாங்க பாருங்க, அதுதான் பிரச்சினை. டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பாரு, திட்டு எனக்கு." அவ்வளவுதான். நான் ஐந்து மாதம் கட்டியது அவருக்குத் தேவையில்லாதது. முந்தின நாள் மாலை நோயாளிக்கு ஒரு நினைவூட்டல் போனால் போதும், அதற்குக் காசு கொடுக்கத் தயார் என்று அடுத்த வாரம் அதே கிளினிக்கில் சொன்னார்கள்.

அந்த மூன்று நிமிடத்தில் என் உழைப்பில் பாதி வீண் என்று தெரிந்தது. முறைப்படி நான் சோர்ந்து போயிருக்க வேண்டும். ஆனால் அன்று இரவு உற்சாகத்தில் தூக்கம் வரவில்லை. ஊக்கத்தைத் தேடி நான் பார்த்த பேச்சு வீடியோக்களில் ஒன்றுகூட இப்படிச் செய்ததில்லை.

அதனால் "மனம் வரவில்லை" என்று தோன்றும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். வேறு எந்த வேலைக்கும் மனம் வரவில்லையா, இல்லை குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் வரவில்லையா? மேஜையைத் துடைக்க, கோப்புகளை அடுக்க, புதிதாக ஒரு கோர்ஸ் படிக்கத் தெம்பு இருக்கிறது, ஆனால் அந்த ஒரு போன் செய்ய மட்டும் தெம்பு இல்லை என்றால் அது களைப்பு அல்ல, பயம். ஓய்வெடுத்தால் களைப்பு தீரும். பயத்துக்கு ஓய்வு கொடுத்தால் அது இன்னும் கொழுக்கும்.

பெரிய நிறுவனங்களின் ஆரம்ப நாள்களிலும் இதே கதைதான். 2009-ன் தொடக்கத்தில், வீடுகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி-யின் நிறுவனர்கள் கலிபோர்னியாவில் உட்கார்ந்து இணையதளத்தைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முதலீடு செய்த ஒய் காம்பினேட்டரின் பால் கிரஹாம், உங்கள் பயனர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். நியூயார்க்கில் என்றார்கள். அப்புறம் இங்கே என்ன செய்கிறீர்கள் என்றார் அவர். அவர்கள் நியூயார்க்குக்குப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டி, வீட்டுக்காரர்களுடன் உட்கார்ந்து பேசி, வீடுகளைத் தாங்களே படம் எடுத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் நிலைமை மாறத் தொடங்கியது. இணையத்தில் பணம் வாங்க உதவும் ஸ்ட்ரைப்பைத் தொடங்கிய கொலிசன் சகோதரர்கள், யாராவது "பயன்படுத்திப் பார்க்கிறோம்" என்றால் லிங்க் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகமாட்டார்கள். லேப்டாப்பைக் கொடுங்கள் என்று அங்கேயே வாங்கி நிறுவிக் கொடுத்துவிடுவார்கள். லிங்க் அனுப்புகிறேன் என்பது பல சமயம் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் தப்பித்தல் வழி.

சரி, அடுத்தது நேரம். பதினான்கு மணி நேரம் ஒரு நாள், அப்புறம் மூன்று நாள் பூஜ்ஜியம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை இரண்டு தனித்தனிச் சங்கதியாகப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன்: உழைத்த நாள் நல்ல நாள், மற்ற மூன்றும் கெட்ட நாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்த மூன்று நாளின் கடன்சீட்டில் கையெழுத்துப் போட்டதே அந்தப் பதினான்கு மணி நேரம்தான். தூக்கத்தைப் பற்றி 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டோங்கன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. இரண்டு வாரம் தொடர்ந்து ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவும், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன. அதைவிடப் பயங்கரம், அவர்களுக்கு அது தெரியவே இல்லை. லேசாகத் தூக்கம் வருகிறது, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார்கள். பதினான்காவது மணி நேரத்தில் நீங்கள் எடுத்த முடிவுகளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஆகவே குறைந்தபட்சம் ஒன்று வேண்டும், அதிகபட்சமும் ஒன்று வேண்டும். அதிகபட்சத்தை யாரும் வைப்பதில்லை. எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம். சூடாக ஓடிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள். பாதியில் நிறுத்திய வேலை மறுநாள் காலை உட்கார ஒரு நல்ல காரணம், எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. நான் நிறுத்துமுன் அடுத்து செய்யவேண்டியதை ஒரே ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டு எழுவேன். "முருகன் கிளினிக்கைக் கூப்பிடு" என்பதுபோல. "மார்க்கெட்டிங்" என்று எழுதினால் காலையில் அந்தச் சொல்லைப் பார்த்ததுமே திரும்பப் படுத்துக்கொள்ளத் தோன்றும்.

குறைந்தபட்சம் என்பது காய்ச்சல் அடித்தாலும், வீட்டில் சண்டை என்றாலும், முந்தின நாள் ஒருவர் மூஞ்சியில் அடித்தமாதிரி வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் செய்ய முடிகிற அளவு. எனக்கு அது ஒரு நாளைக்கு ஒரு போன் அல்லது ஒரு மின்னஞ்சல். சிரிப்பாக இருக்கும். ஆனால் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம், ஒன்றுக்கும் பத்துக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரியது. ஒன்று செய்த அன்று மாலை நீங்கள் தொழில் நடத்துபவர். பூஜ்ஜியம் செய்த மூன்றாவது நாள் மாலை உங்களை நீங்களே வேறு பெயர் வைத்துக் கூப்பிடத் தொடங்கியிருப்பீர்கள்.

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பி 22-ஆம் நாள் ஏமாற வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி தலைமையில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக வரும் நிலையை எட்ட ஒருவருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் நின்ற எண் 66. அதுவும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, கொஞ்சம் ஓடுவது மாதிரியான எளிய காரியங்களுக்கு. முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டுப் பொருள் விற்பது அந்த அளவுக்குத் தானாக ஒருநாளும் வராது. எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அதே ஆய்வில் உங்களுக்கு ஆறுதலான ஒரு விஷயம் இருக்கிறது. இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. தவறிப்போன ஒரு நாளை அப்படியே விட்டுவிடுங்கள். ஈடுகட்டுகிறேன் என்று மறுநாள் இரட்டிப்பாகச் செய்யப் போவதுதான் உங்களை அந்தப் பதினான்கு மணி நேரச் சுழலில் தள்ளுகிறது.

எப்போது, எங்கே என்பதைக் கட்டி வைப்பது அடுத்தது. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதை வெகுகாலம் ஆராய்ந்தவர். "இந்த வாரம் நிறைய பேரைக் கூப்பிடுவேன்" என்று நினைப்பதைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைத்தவர்கள் கணிசமாக அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். "பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்ததும், மின்னஞ்சலைத் திறக்குமுன், பட்டியலில் முதல் பெயரைக் கூப்பிடுவேன்." இந்த அளவுக்குத் துல்லியம் வேண்டும். கூப்பிடலாமா வேண்டாமா என்று மனதோடு வாதம் செய்ய இடம் கொடுத்தால் மனம்தான் ஜெயிக்கும், அதற்கு வாதாடும் பழக்கம் நம்மைவிட அதிகம்.

கேட்க ஆள் வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு எச்சரிக்கை. உங்கள் லட்சியத்தை ஊருக்கே அறிவித்துவிட்டால் மானத்துக்கு அஞ்சியாவது செய்வோம் என்று நினைப்போம். அதே கோல்விட்சர் குழு 2009-ல் வெளியிட்ட சோதனைகளில் கிட்டத்தட்ட நேர் எதிராக வந்தது. நான் இன்னாராக ஆகப் போகிறேன் என்கிற மாதிரியான நோக்கத்தைப் பிறர் தெரிந்துகொண்டு தலையாட்டிவிட்டால், பாதி ஆகிவிட்டது போன்ற திருப்தி வந்துவிடுகிறது, உழைப்பு குறைகிறது. தொழில்முனைவோர் என்று ப்ரொஃபைலில் போட்ட அன்று கிடைத்த நூறு வாழ்த்துகள் எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தன என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நூறு பேர் வேண்டாம், ஒருவர் போதும். உங்களைப் போலவே ஏதோ ஒன்றைத் தொடங்கி, தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கும் ஒருவர் என்றால் உத்தமம். வாரத்தில் ஒரு நாள், அதே நேரம், இருபது நிமிடம். போன வாரம் செய்கிறேன் என்று சொன்னது என்ன, செய்தது என்ன, அடுத்த வாரம் என்ன. ஆறுதல், அறிவுரை எல்லாம் பிறகு. இதற்கு வாழ்க்கைத் துணையையோ பெற்றோரையோ தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பணக் கவலையில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. நீங்கள் இந்த வாரம் ஒன்றும் செய்யவில்லை என்பது அவர்களுக்கு வெறும் தகவலாக இருக்காது.

பணம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எட்டாவது மாதம் என்றால் சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும். ஊக்கம் குறைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் பேசிப் பார்த்தால் பாதிப் பேருக்கு உள்ளே ஓடிக்கொண்டிருப்பது வங்கி இருப்பின் கணக்குதான். பணமுடை மனதின் இடத்தையே அடைத்துக்கொள்கிறது. கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பு கை வறண்ட நேரத்திலும், அறுவடைக்குப் பின்பு கையில் பணம் வந்த நேரத்திலும் சோதித்த ஓர் ஆய்வு 2013-ல் சயன்ஸ் இதழில் வந்தது. அதே ஆள்கள், அதே மாதிரிப் புதிர்கள்; பணம் வருவதற்கு முன்பு மதிப்பெண் குறைவு. ஆகவே பயந்துகொண்டு நிற்கும் ஒருவரிடம் போய் இன்னும் கவனமாக உழையுங்கள் என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மருந்து சரஸ் சரஸ்வதி என்கிற பேராசிரியர் சொன்னது. அனுபவம் மிகுந்த தொழில்முனைவோர் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் அவர். எவ்வளவு லாபம் வரும் என்பதிலிருந்து அவர்கள் தொடங்குவதில்லை, எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்து தொடங்குகிறார்கள் என்றார். உட்கார்ந்து ஒரு தொகையும் ஒரு தேதியும் எழுதுங்கள். இதுவரை போனால் வீடு தாங்கும், இதற்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகாது. எழுதிவிட்டால், அந்தத் தேதிவரை தினமும் ராத்திரி அதே கணக்கைத் திரும்பப் போடவேண்டிய அவசியம் இல்லை.

தாங்காது என்று கணக்கு சொன்னால் பகுதிநேர வேலைக்கோ, பழைய துறையில் ஒப்பந்த வேலைக்கோ போவதில் கூச்சம் வேண்டாம். வேலையை விட்டால்தான் தொழிலில் முழு மனம் இருக்கும் என்பது கதை கேட்க நன்றாக இருக்கும். ரஃபியீ, ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்டதில், வேலையில் இருந்துகொண்டே தொடங்கி அப்புறம் முழுநேரமாக இறங்கியவர்களின் தொழில் மூடப்படும் வாய்ப்பு, எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிட 33 சதவீதம் குறைவு. நைக்கியைத் தொடங்கிய ஃபில் நைட் 1964-ல் காலணி விற்கத் தொடங்கினார். கணக்காளராகவும் பிறகு கணக்கியல் ஆசிரியராகவும் சம்பளம் வாங்கிக்கொண்டே அதை நடத்தி, 1969-ல்தான் முழுநேரமாக வந்தார். ஐந்து வருடம். ஜேம்ஸ் டைசன் பை இல்லாத தூசி உறிஞ்சியை உருவாக்க 5,127 மாதிரிகள் செய்தார் என்பதை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்வார்கள். அந்த வருடங்களில் ஓவிய ஆசிரியையாக இருந்த அவர் மனைவியின் சம்பளம் வீட்டைத் தாங்கியது என்பதை அதே மூச்சில் சொல்பவர்கள் குறைவு. பந்தல்கால் எப்போதும் கதைக்கு வெளியேதான் நிற்கும்.

டைசன் கதையை எடுத்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து செய்வது என்றால் அதையே செய்துகொண்டிருப்பது என்று அர்த்தம் இல்லை. அந்த ஐயாயிரத்துச் சொச்சம் மாதிரிகளிலும் அவர் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பார்த்தார். ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தோற்றது. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு கிளிட்ச் என்கிற இணைய விளையாட்டைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கி, ஆள் சேராததால் 2012 இறுதியில் மூடியது. விளையாட்டைச் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களே உருவாக்கிய கருவிதான் பிறகு ஸ்லாக் என்கிற அலுவலக உரையாடல் செயலி ஆனது. விளையாட்டை மூடியபோது அவர்கள் தோற்றார்களா, விட்டுக்கொடுத்தார்களா, தொடர்ந்தார்களா? எனக்கு இதில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.

எப்போது மாற்றுவது, எப்போது நிறுத்துவது என்பதை நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். "இந்தத் தேதிக்குள் பத்துப் பேர் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் பொருளை மாற்றுவேன்" என்பது மாதிரி. தேதிக்கு முன் எத்தனை மோசமான நாள் வந்தாலும் அந்தக் கேள்வியை எடுக்காதீர்கள். மோசமான நாளில் எடுத்த முடிவு அந்த நாளைப் பற்றியதாகத்தான் இருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில், புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டுக்குள்ளும் ஏறக்குறைய பாதி ஐந்து ஆண்டுக்குள்ளும் மூடப்படுகின்றன. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. மூடுவது அபூர்வமான அவமானம் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்குத்தான் தினமும் காலையில் லேப்டாப் கனக்கும்.

ஒன்றே ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். தொழிலில் மட்டும் இல்லாமல், முன்பு பிடித்த எதிலுமே பிடிப்பு இல்லை, வாரக்கணக்கில் தூக்கம் சரியில்லை, பசி இல்லை என்றால் நான் மேலே எழுதிய எதுவும் அதற்கு மருந்தில்லை. மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம், நோட்டுப் புத்தகத்தில் அடங்காது.

கடைசியாக, சரிப்பட்டு வரமாட்டேனா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது, எட்டு மாதத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அதில் தூக்கம் இருக்கிறது, மணிக்கணக்கு இருக்கிறது, லேப்டாப் இருக்கிறது. என்ன விற்கிறீர்கள், யாருக்கு விற்கிறீர்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. உங்கள் பொருளை வாங்கக்கூடிய ஒருவரிடம் கடைசியாக எந்தத் தேதியில் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார்? அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி அனுப்புங்கள். தேதி நினைவுக்கு வரவில்லை என்றால், நாளைக் காலை மின்னஞ்சலைத் திறக்குமுன் ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு எழுதுங்கள்.